கோதாவிலிருந்து கூண்டு வரை: சண்டை விளையாட்டு வீரர்களின் உடற்பயிற்சி வரலாறு

கலப்புத் தற்காப்புக் கலை என்பது குத்துச்சண்டை, மல்யுத்தம், உதைச்சண்டை, ஜூடோ, ஜியு-ஜிட்சு ஆகியவற்றின் நுட்பங்களை ஒரே போட்டியில் பயன்படுத்த அனுமதிக்கும் சண்டை விளையாட்டு ஆகும். இதில் ஈடுபடுபவர் நின்று குத்தவும், எதிராளியைத் தூக்கிக் கீழே போடவும், தரையில் மடக்கிப் பிடிக்கவும் வேண்டும். இதற்கு ஏற்றவாறு உடலைப் பதப்படுத்தும் முறை உடற்தகுதிப் பயிற்சி எனப்படுகிறது. வலிமை, தாக்குப்பிடிக்கும் திறன், வேகம், நெகிழ்வு, விரைவில் களைப்பு நீங்கும் தன்மை ஆகிய ஐந்தும் இதன் குறிக்கோள்கள்.

இப்பயிற்சி முழுவதும் மேலைநாட்டில் தோன்றியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் இன்றைய பயிற்சிக் கூடங்களில் செய்யப்படும் பலவற்றின் வேர் இந்திய மல்லர்களின் கோதாக்களில் இருக்கிறது. தமிழகத்திலும் மற்போர், சிலம்பம், குஸ்தி, குத்துச்சண்டை என இதற்கு நீண்ட தொடர்ச்சி உண்டு. வீரரின் உடலை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதைப் பெரும்பாலும் இரண்டு விதிகளே தீர்மானித்து வந்துள்ளன. ஒன்று, போட்டி எவ்வளவு நேரம் நடக்கலாம் என்பது. மற்றொன்று, எந்த எடையுள்ளவர் எந்த எடையுள்ளவரோடு மோதலாம் என்பது. இந்த இரண்டும் மாறியபோதெல்லாம் பயிற்சியும் மாறியது. இந்த வரலாறு அதையே காட்டுகிறது.

சொற்களும் அவற்றின் வரவும்

உடற்பயிற்சி தொடர்பாகத் தமிழில் வழங்கும் பல சொற்கள் பிற மொழிகளிலிருந்து வந்தவை. குஸ்தி, பயில்வான் ஆகிய இரண்டும் பாரசீக வழிச் சொற்கள். கசரத்து என்பது அரபு, உருது வழியாக வந்தது. தண்டால் என்பது வட இந்திய மல்லர்களின் தண்ட் என்னும் பயிற்சியின் பெயரோடு தொடர்புடையது. மல்லர்கள் பொருதும் களத்திற்குக் கோதா என்று பெயர். "கோதாவில் இறங்கினார்" என்று இன்று அரசியல் செய்திகளில் எழுதப்படுவது இந்தக் களத்தை வைத்துத்தான்.

உட்கார்ந்து எழும் பயிற்சி பஸ்கி எனப்படும். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும் உட்கார்ந்து எழுவதே ஆயினும், பஸ்கி கைகளை வீசி, வேகமாக, நூற்றுக்கணக்கில் செய்யப்படுவது. கனமான அடிப்பகுதியும் மெல்லிய கைப்பிடியும் கொண்ட மரக்கட்டை கர்லாக்கட்டை ஆகும். சாண்டோ என்ற பட்டம், ஐரோப்பாவில் புகழ்பெற்ற உடல்வலிமைக் கலைஞர் யூஜென் சாண்டோவின் (1867–1925) பெயரிலிருந்து வந்தது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு இப்பட்டம் ஒட்டிக்கொண்டது அவரது தேகப்பயிற்சியால்தான். கையில்லாத பனியனுக்குச் 'சாண்டோ பனியன்' என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான்.

பழந்தமிழகத்தில் மற்போர்

சங்க இலக்கியத்தில் மற்போரைப் பற்றிய தெளிவான காட்சி புறநானூற்றில் உள்ளது. சோழ மரபினனான போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியுள்ளார். கிள்ளி ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றியதையும், மற்றொரு காலால் அவன் செய்த சூழ்ச்சியைத் தடுத்ததையும் அப்பாடல் விவரிக்கிறது. இன்றைய கலப்புத் தற்காப்புக் கலையிலும், கீழே விழுந்த எதிராளியின் உடல்மீது முழங்காலை ஊன்றிக் கட்டுப்படுத்துவது ஓர் அடிப்படை நிலை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியிலும் மனித உடலின் நெம்புகோல்கள் மாறவில்லை.

பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் (ஆட்சி 630–668) 'மாமல்லன்' என்னும் பட்டம் பெற்றிருந்தான். பெருமல்லன் என்பது இதன் பொருள். மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயர் இப்பட்டத்திலிருந்து தோன்றியது.

மல்லர்களைப் பயிற்றுவிக்கும் முறையை விரிவாகக் கூறும் பழைய நூல்களுள் ஒன்று, 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த மானசோல்லாசம் ஆகும். வடமொழியில் உள்ள இந்நூல் மல்லர்களை அவர்களின் ஆற்றல், வயது முதலியவற்றைக் கொண்டு வகைப்படுத்துகிறது. பாரம் தூக்குதல், நடத்தல், நீந்துதல், தூணில் பயிலுதல் முதலிய பயிற்சிகளையும் மல்லர்களுக்கான உணவையும் அது குறிப்பிடுகிறது. வலிமைக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று எனப் பயிற்சிகளைப் பிரித்துச் செய்யும் எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது என்பதை இது உணர்த்துகிறது. தூணில் பயிலும் முறை பின்னர் மல்லர்கம்பமாக வளர்ந்தது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் அளித்தார். இன்று தமிழ்நாட்டில் மல்லர்கம்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர் விழுப்புரம்.

கோதாப் பயிற்சியின் அமைப்பு

கோதாவில் மல்லர்கள் செய்த பயிற்சிகளை நான்காகப் பிரிக்கலாம்.

தண்டால்: கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, உடலை வளைவாகக் கீழிறக்கி மார்பை முன்னே கொண்டுவந்து எழுப்புவது. மார்பு, தோள், முதுகு ஆகிய மூன்றும் ஒரே அசைவில் வேலை செய்கின்றன.

பஸ்கி: தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நுரையீரலுக்கும் ஒருசேரப் பயிற்சி தருவது.

கர்லாக்கட்டை: கட்டையைத் தலைக்குப் பின்னே வட்டமாகச் சுழற்றும்போது தோள்மூட்டு தன் முழு எல்லையிலும் அசைகிறது. எடை கைப்பிடியிலிருந்து தொலைவில் இருப்பதால் மணிக்கட்டும் விரல்களும் இறுகிப் பிடித்தாக வேண்டும். எதிராளியின் கையைப் பிடித்து விடாமல் இழுக்க வேண்டிய மல்லருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது.

மண்வேலை: கோதாவின் மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவது களத்தைத் தயார்செய்யும் வேலை மட்டுமன்று. முதுகுக்கும் இடுப்புக்கும் அது நல்ல பயிற்சியும் ஆகும்.

இவற்றோடு, தலையையும் பாதங்களையும் தரையில் ஊன்றி உடலைப் பாலம்போல் வளைத்துக் கழுத்தை வலுப்படுத்துவதும் வழக்கம். இக்காலக் கூண்டுச் சண்டை வீரரும் கழுத்துப் பயிற்சியைத் தவிர்ப்பதில்லை.

இம்முறையின் உச்சம் எனக் கருதப்படுபவர் காமா பயில்வான் (1878–1960). அமிர்தசரசில் பிறந்த இவர், பத்து வயதில் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில் பெரிய மல்லர்களோடு ஈடுகொடுத்து நின்றதால் பெயர் பெற்றார் என்று அவரது வரலாறு கூறுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் செய்தவர் அவர். 1910இல் இலண்டனில் போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் சிபிஸ்கோவுடன் அவர் மோதிய போட்டி இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்தும் முடிவு எட்டப்படவில்லை. சிபிஸ்கோ பெரும்பகுதி நேரம் தரையோடு படுத்தே தப்பித்தார். 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார்.

அக்காலப் போட்டிக்குக் கால வரம்பு இல்லை. போட்டி ஒரு நிமிடத்திலும் முடியலாம், மூன்று மணி நேரமும் நீளலாம். எடைப் பிரிவும் கிடையாது. ஆகவே ஆயிரம் பஸ்கி என்பது வெறும் பெருமைக்காகச் செய்யப்பட்டதன்று, எவ்வளவு நேரம் நீண்டாலும் கால் தளராமல் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது.

இப்பயிற்சிக்குப் பாலும் நெய்யும் பாதாமும் வேண்டும். உச்சி வெயிலில் உறங்க நேரம் வேண்டும். காமா போன்றவர்களுக்கு இவற்றைச் சமத்தான மன்னர்கள் அளித்தனர். புரவலர் இல்லாத மல்லருக்கு அந்தப் பயிற்சி எட்டாக் கனி. சண்டை வீரரின் உடற்பயிற்சி வரலாற்றில் உணவை யார் தருவது என்ற கேள்வி எப்போதும் உடன்வருகிறது.

கடல் கடந்த கர்லாக்கட்டை

இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையினர் கர்லாக்கட்டையைக் கண்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டனர். டொனால்டு வாக்கர் 1834இல் வெளியிட்ட உடற்பயிற்சி நூல் இதை இங்கிலாந்தில் பரப்பியது. அங்கு 'இந்தியக் கட்டை' என்ற பெயரில் பள்ளிகளிலும் படைப்பிரிவுகளிலும் இது பரவி, பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடத்தப்பட்டது.

ஈரானின் சூர்கானே எனப்படும் பயிற்சிக் கூடங்களிலும் இதுபோன்ற கட்டைகள் சுழற்றப்படுகின்றன. அம்மரபை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று பல நாடுகளில் சண்டை வீரர்கள் எஃகுக் கதையும் கட்டையும் சுழற்றுவதைக் காணலாம். ஊரில் மூலையில் கிடந்த கட்டை புதுப்பெயரோடு விலையுயர்ந்த கருவியாகத் திரும்பி வந்திருக்கிறது.

சென்னையில் உடற்கல்வி

சென்னை சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியோடு உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டு வந்தது. 'கலியுக பீமன்' எனப் பெயர்பெற்ற ஆந்திர வீரர் கோடி ராமமூர்த்தி நாயுடு (1882–1942) அங்கு ஓராண்டு பயிற்சி பெற்று, விஜயநகரத்தில் உடற்பயிற்சி ஆசிரியரானார். இரும்புச் சங்கிலியை உடலால் அறுத்தும், யானையை மார்பின்மீது ஏற்றியும் புகழடைந்த அவர், முதலில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி எனக் கருதப்படும் இது தற்போது நந்தனத்தில் உள்ளது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராக இருந்தார். உடற்கூறு, உடலியங்கியல், பயிற்சித் திட்டமிடல் ஆகியவற்றைப் பாடமாகக் கற்ற ஆசிரியர்கள் இங்கிருந்து தென்னகமெங்கும் சென்றனர். கோதாவில் குருவின் வாய்மொழியாக இருந்த அறிவு வகுப்பறைக்கும் வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தது குறைவே என்பது வருந்தத்தக்கது.

வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகள்

ஆங்கிலேயரிடமிருந்து வந்த குத்துச்சண்டையைத் தம்முடையதாக்கிக் கொண்டவர்கள் வடசென்னை மக்கள். துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வாழ்ந்த பகுதிகளில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை போன்ற அணிகள் உருவாயின. இங்கே பரம்பரை என்பது குருதி வழியைக் குறிப்பதில்லை, வாத்தியார்–மாணவர் வழியைக் குறிக்கும். சார்பட்டா பரம்பரையின் கித்தேரி முத்து, ஆங்கிலோ இந்திய வீரர் டெர்ரியை வென்றது இன்றும் அப்பகுதியில் பெருமையாகப் பேசப்படுகிறது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். 2021இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் இவ்வரலாற்றைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது.

குத்துச்சண்டையின் பயிற்சி மல்யுத்தத்தினின்றும் வேறுபட்டது. 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள், ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையே ஒரு நிமிட ஓய்வு என வரையறுத்தன. ஆகவே வீரர் மூன்று நிமிடம் முழுமூச்சாக உழைத்து, ஒரு நிமிடத்தில் மூச்சைத் திரும்பப் பெறப் பழக வேண்டும். கயிறு தாண்டுவது, மணல் மூட்டையைக் குத்துவது, கடற்கரை மணலில் ஓடுவது எல்லாம் இந்தக் கால அளவுக்கு இசைவாகவே அமைந்தன. மணலில் கால் புதைவதால் கெண்டைக்கால் கூடுதலாக உழைக்கிறது, அதே வேளையில் மூட்டில் விழும் அதிர்ச்சி குறைகிறது.

இவ்வீரர்களுக்குப் பாட்டியாலா மன்னர் போன்ற புரவலர் இல்லை. பகலெல்லாம் மூட்டை தூக்கிய உடல்தான் மாலையில் கையுறை மாட்டியது. உழைப்பே பயிற்சியாகவும், அதே உழைப்பு களைப்பாகவும் இருந்தது. உணவும் ஓய்வும் போதாமல் வாய்ப்பை இழந்த திறமைசாலிகளின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கலப்புத் தற்காப்புக் கலையின் தோற்றம்

இந்திய மல்லர்களின் பயிற்சி நவீன கூண்டுச் சண்டையைச் சென்றடைந்த ஒரு வழி ஜப்பான் ஆகும். ஐரோப்பிய மல்யுத்த வீரர் கார்ல் காட்ச், ஜப்பானில் தம் மாணவர்களுக்கு இந்தியப் பஸ்கியையும் தண்டாலையும் கட்டாயமாக்கினார். சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து, அதிலுள்ள எண்ணுக்கு ஏற்பப் பஸ்கியோ தண்டாலோ செய்யவைத்த அவரது முறை புகழ்பெற்றது. அவரிடம் கற்ற சடோரு சயாமா 1980களில் 'ஷூட்டோ' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவ்வழியில் வந்த மசகட்சு புனாகி, மினோரு சுசுகி ஆகியோர் 1993 செப்டம்பரில் 'பான்கிரேஸ்' போட்டியைத் தொடங்கினர். இரண்டு மாதம் கழித்து, 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடைபெற்றது.

முதல் யு.எஃப்.சி.யில் எடைப் பிரிவு இல்லை. பிரேசிலின் ராய்ஸ் கிரேசி தம்மைவிடப் பெரிய உடலமைப்புக் கொண்டவர்களையும் தரையில் மடக்கி, ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். 1995இல் அவருக்கும் கென் ஷாம்ராக்குக்கும் நடந்த போட்டி 36 நிமிடம் நீண்டு சமனில் முடிந்தது. காமா–சிபிஸ்கோ போட்டியைப் போன்றே, கால வரம்பு தளர்வாக இருந்தால் பொறுமையே முதன்மை ஆயுதமாகிறது.

2000–2001 காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒருங்கிணைந்த விதிகள் வகுக்கப்பட்டன. ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டப் போட்டியாயின் ஐந்து, இடையே ஒரு நிமிட ஓய்வு, தெளிவான எடைப் பிரிவுகள் என்பவை நிலைபெற்றன. இன்றைய உடற்தகுதிப் பயிற்சி இந்த விதிகளின் குழந்தை ஆகும்.

இந்தியாவில் 2012இல் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கப்பட்டது. 2017 நவம்பரில் பரத் கண்டாரே யு.எஃப்.சி.யில் களம்கண்ட முதல் இந்திய வீரரானார். 2024 ஜூனில் பூஜா தோமர் அங்கு வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

உடலின் மூன்று ஆற்றல் வழிகள்

ஐந்து நிமிடச் சுற்றில் உடலுக்குள் நடப்பதை அறிந்தால் பயிற்சியின் காரணம் விளங்கும். தசை இயங்க ஏ.டி.பி. என்னும் பொருள் வேண்டும். அதை உடல் மூன்று வழிகளில் உண்டாக்குகிறது.

முதல் வழி, தசையில் சேர்ந்திருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட்டைப் பயன்படுத்துவது. ஓங்கி ஒரு குத்து, எதிராளியைத் தூக்கிப் போடும் ஒரு நொடி ஆகியவற்றுக்கு இதுவே உதவும். ஏறத்தாழ பத்து நொடியில் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் வழி, உயிர்வளியின் துணையின்றி சர்க்கரையை எரிப்பது. கூண்டின் ஓரத்தில் இருவரும் ஒருவரையொருவர் அழுத்திப் போராடும் அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு இது ஈடுகொடுக்கும். ஆனால் கைகால்களில் எரிச்சலும் கனமும் வந்துவிடும்.

மூன்றாம் வழி, உயிர்வளியைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிப்பது. இது மெதுவானது, ஆனால் நீடிப்பது. முதல் வழியில் தீர்ந்த சேமிப்பை மீண்டும் நிரப்புவதும் இந்த வழிதான். ஆகவே நுரையீரலும் இதயமும் வலுவாக உள்ள வீரர், ஒரு நிமிட ஓய்வில் மற்றவரைவிடக் கூடுதலாக மீண்டெழுகிறார். மூன்றாம் சுற்றில் கை தொங்கிப்போகும் வீரர் பெரும்பாலும் இந்த மூன்றாம் வழியைப் புறக்கணித்தவராக இருப்பார்.

இதற்காகவே இடைவெளிப் பயிற்சி முறை உருவானது. 1930களில் ஜெர்மனியின் கெர்ஷ்லர், ரைண்டல் ஆகியோர் இதை ஓட்டவீரர்களுக்கு வகுத்தனர். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர் டபாட்டா வெளியிட்ட ஆய்வு, 20 நொடி முழு உழைப்பு, 10 நொடி ஓய்வு என ஏழெட்டு முறை செய்வதால் உயிர்வளி சார்ந்த திறனும் சாராத திறனும் ஒருசேர உயர்வதைக் காட்டியது. ஆறு வாரத்தில் ஆய்வுக்குட்பட்டோரின் உயிர்வளி சாராத திறன் 28 விழுக்காடு உயர்ந்தது.

இருப்பினும் கடும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் தவறு. பயிற்சியின்போது தசை வளர்வதில்லை, சிதைகிறது. வளர்வது உறக்கத்திலும் உணவிலும்தான். அளவுமீறி வதைத்தால் தசைநார்கள் உடைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பயிற்சிக்குப் பின் சிறுநீர் கரும்பழுப்பு நிறமாகப் போனால் உடனே மருத்துவரை நாட வேண்டும். பழைய மல்லர்கள் நண்பகல் உறக்கத்தையும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதையும் பயிற்சியின் பகுதியாகவே கொண்டது இங்கு எண்ணத்தக்கது.

எடைக் குறைப்பு: விதியின் மறுபக்கம்

சிறியவரைப் பெரியவர் நசுக்காமல் காக்கவே எடைப் பிரிவு வந்தது. ஆனால் அதுவே ஒரு புதிய ஆபத்தையும் உண்டாக்கியது. எடை பார்க்கும் நாளில் மட்டும் உடல்நீரை வற்றவைத்துக் கீழ்ப்பிரிவில் நுழைந்து, மறுநாள் நீர் அருந்தி எடை கூடிப் போட்டியிடும் வழக்கம் பரவியது. நீராவி அறையில் அமர்வது, தடித்த உடையணிந்து ஓடுவது, நீர் அருந்தாமல் இருப்பது ஆகியவை இதற்கான வழிகள்.

நீர் குறைந்தால் குருதியின் அளவு குறைகிறது. இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியுள்ளது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றலும் போய்விடுகிறது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் இவ்வாறு எடை குறைக்கும்போது உயிரிழந்தனர். அதன் பின்னரே அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2015 டிசம்பரில், ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக மணிலா சென்ற சீன வீரர் யாங் ஜியான் பிங் எடைக் குறைப்பின் விளைவாக 21 வயதில் இறந்தார். அதையடுத்து அவ்வமைப்பு, வீரரின் உடலில் போதிய நீர் உள்ளதா என்று சோதித்து எடை பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது.

2024 ஆகஸ்டு 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், மகளிர் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த வினேஷ் போகத், 100 கிராம் எடை கூடியதால் நீக்கப்பட்டார். இரவு முழுதும் ஓடியும் நீராவியில் அமர்ந்தும் கூந்தலைக் குறைத்தும் அந்த நூறு கிராம் இறங்கவில்லை. நாடே வருந்திய அந்நிகழ்ச்சியில் பதக்கத்தைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, நீர்வற்றி மருத்துவ உதவி தேவைப்பட்ட அவரது உடலைப் பற்றிப் பேசப்படவில்லை.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு மலேசியத் தமிழரான அகிலன் தாணி. பதின்பருவத்தில் மிகுந்த உடல்பருமனோடு இருந்த அவர், பயிற்சியால் படிப்படியாக எடையைக் குறைத்துக் கலப்புத் தற்காப்புக் கலை வீரரானார். 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் உலகப் பட்டத்திற்காக அமெரிக்காவின் பென் ஆஸ்க்ரெனை எதிர்த்து நின்றார். அதில் அவர் தோற்றாலும், கொழுப்பைப் பொறுமையாகக் கரைப்பதற்கும் நீரை ஓரிரவில் வற்றவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவரது வாழ்க்கை விளக்குகிறது. முன்னது பயிற்சி, பின்னது சூதாட்டம்.

மேற்குச் சென்னைப் புறநகரும் நெமிலிச்சேரியும்

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே நெமிலிச்சேரி உள்ளது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையின் முதற்கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கிய இடமும் இதுவே. அருகிலுள்ள ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், விமானப்படை நிலையமும், மத்திய சேமக் காவல்படை முகாமும், தமிழ்நாடு சிறப்புக் காவல்படைப் பிரிவுகளும் உள்ளன. ஆகவே இப்பகுதி இளைஞருக்கு உடற்தகுதி என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது வேலைவாய்ப்பும் ஆகும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். விடியற்காலையில் ஓடும் இளைஞருள் ஒருவர் காவலர் தேர்வுக்கும், மற்றொருவர் குத்துச்சண்டைப் போட்டிக்கும் தயாராகலாம். இருவரின் இதயமும் ஒரே பாடத்தைத்தான் கற்கிறது.

சென்னையின் தட்பவெப்பம் இங்கே தனிக் கவனம் பெற வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. வியர்வை வழிந்தால் உடல் குளிர்வதில்லை, ஆவியானால்தான் குளிரும். கோடையில் புதிதாகப் பயிற்சி தொடங்குவோர் முதல் இரண்டு வாரம் பயிற்சியின் அளவைக் குறைத்து, உடல் வெப்பத்துக்குப் பழகிய பின் கூட்ட வேண்டும். கதிரவன் ஏறுமுன் முடிப்பதும், உப்பிட்ட நீர்மோரோ கஞ்சியோ அருந்துவதும் செலவில்லாத பாதுகாப்பு. தலைசுற்றல், குழப்பமான பேச்சு, வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, நீரால் உடலைக் குளிர்வித்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றோர் ஆபத்து ஊக்கமருந்து. விரைவில் தசை பெருக்கும் ஊசிகளும், கலவை தெரியாத மாவுகளும் இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கக்கூடியவை. இதைத் தடுக்க இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இயங்குகிறது. 2022இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. வேர்க்கடலை, முட்டை, பருப்பு, கேழ்வரகு, மீன் ஆகியவை நம் சந்தையிலேயே கிடைக்கும் நல்லுணவுகள். விலையுயர்ந்த டப்பா இல்லாததால் வலிமை பெற முடியாது என்று எந்த மாணவரும் எண்ணத் தேவையில்லை.

மரபு விளையாட்டுகளுக்கு மேடையும் விரிந்து வருகிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. சிலம்பத்தின் காலடி வைப்பும், கோதாவின் தண்டாலும், வடசென்னையின் கயிறு தாண்டலும், அறிவியல் தந்த இடைவெளிப் பயிற்சியும் ஒரே பள்ளி மைதானத்தில் சேர முடியும். அதற்கு உடற்கல்வி வகுப்பு நேரத்தைப் பிற பாடங்களுக்குக் கடன் கொடுக்காமல் இருப்பது முதல் தேவை.

முடிவாக

மாமல்லன் காலத்து மல்லரும், காமா பயில்வானும், வடசென்னைக் குத்துச்சண்டை வீரரும், இன்றைய கூண்டு வீரரும் வெவ்வேறு விதிகளின் கீழ்ப் பொருதினர். விதிக்கேற்பப் பயிற்சி மாறியது. மாறாதவை உழைப்பு, உணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே. இவற்றுள் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டபோதெல்லாம் வீரர்களின் உடல் உடைந்தது, சில வேளைகளில் உயிரே போனது. உணவும் ஓய்வும் மன்னரின் கொடையாக இருந்த காலம் போய்விட்டது. அவற்றை வளரும் பிள்ளைகளுக்கு உறுதிசெய்வது இன்று குடும்பத்தின், பள்ளியின், பயிற்சியாளரின், அரசின் கடமை ஆகும்.